தாளில் உள்ளபடி

கண்டி, அம்பிட்டியை வீதி
20.01.2008, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை மங்களேஸ்வரிக்கு,

ரொறன்ரோவில் பனி முழங்கால் அளவு கிடப்பதாக நீ எழுதியது 11ஆம் திகதி. உன் சொந்த முழங்கால் எப்படி என்று எழுதவில்லை, அடுத்ததில் எழுது. என் இடக்கண்ணில் சத்திரசிகிச்சை செய்து நேற்றோடு நாற்பது நாள். வைத்தியருக்கு முழுத் திருப்தி, எனக்கு முக்கால் திருப்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மின்னஞ்சல் முகவரியில் முப்பத்தொரு எழுத்துகள் உள்ளன. டிசம்பரில் மட்டும் அதை ஏழு தடவை பிழையாக அடித்தேன். ஏழு கடிதங்களும் திரும்பி வந்தன. முகவரிப் பட்டியலில் தேடலாமே என்பாய். அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்கு அகப்படுவதில்லை. நேற்று இந்தச் சங்கடம் தீர்ந்தது. சாஹுல் ஹமீது அவர்களின் கணினிக் கடையில் வேலை செய்யும் ராஜலிங்கம் வீட்டுக்கு வந்திருந்தார். தெல்தோட்டைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், முப்பத்தொரு வயது, பதற்றமில்லாத கை. கணினித் திரையின் வெற்றிடத்தில் ஒரு குறுக்குவழியை உருவாக்கி, 'மெயில்ட்டூ' என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, பின்னால் உன் முகவரியை ஒரே ஒரு தடவை அடித்தார். பிறகு அதற்கு ஒரு விசையைக் குறித்தார். இப்போது கொன்ட்ரோல், ஓல்ட், 'டீ' என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால், உன் முகவரி நிரப்பப்பட்ட வெற்றுக் கடிதம் என் முன் திறந்துவிடுகிறது. 'டீ' ரொறன்ரோ, 'எல்' இலண்டனில் மகன், 'சீ' கொழும்பில் ஓய்வூதியர் சங்கம், 'ஜே' யாழ்ப்பாணத்தில் கல்லூரி.

நால்வரின் விபரத்தையும் அட்டவணையாக அச்சிட்டுக் கணினிக்கு மேல் சுவரில் ஒட்டியாயிற்று. அடியில் 'தயாரித்தவர்: மூ. ராஜலிங்கம், 19.01.2008' என்று அடித்து, பார்வையிட்டவர் என்ற இடத்தில் நான் ஒப்பமிட்டேன். அவர் கூச்சப்பட்டார். "என் பேரெல்லாம் எதுக்குங்கய்யா, அஞ்சு நிமிச வேலை" என்றார். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகமாக முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். தயாரித்தவர் பெயரில்லாத தாளை எந்தக் கோப்பிலும் ஏற்றதில்லை என்று சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன் தியாகராஜா


ஸ்காபரோ, ரொறன்ரோ
23.01.2008

அன்புள்ள அண்ணா,

முழங்கால் படியேறும்போது மட்டும் என்னைத் திட்டுது. மற்ற நேரம் சமாதானம். உங்கட கண் தெளிஞ்சது கேட்டு நிம்மதி. சீனி வருத்தத்துக்குக் குளிசை ஒழுங்காப் போடுறியளோ, அல்லது அதுக்கும் ஒரு விசை வேணுமோ?

நாலு பேருக்குக் கடிதம் எழுத ஒரு அட்டவணை, அதுக்கு ஒப்பம், அதுக்குத் திகதி! உங்கட வீட்டில மச்சாள் உயிரோட இருந்திருந்தால் அந்தத் தாளைக் கிழிச்சு அப்பளம் சுத்தியிருப்பா.

அவவின்ர பேச்செடுத்ததால ஒண்டு கேக்கிறன். கமலாசனி மச்சாளின்ர தம்பி நவரட்ணராஜாவுக்கு ஏன் விசை இல்லை? கிளிநொச்சியில அந்த நிவாரண அலுவலகத்தில இருந்து அவர்தான் எனக்கு மாசம் ஒருக்காவாவது எழுதுறார். அங்க போற பாதை பூட்டி ஒண்டரை வருசம். உங்களிட்டை இருந்து ஒரு வரி வந்தால் அந்த மனுசனுக்கு எவ்வளவு ஆறுதல். அவருக்கும் ஒண்டு வையுங்கோ அண்ணா. முகவரி கீழே.

உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொண்டு,
மங்களேஸ்


கண்டி
11.02.2008, திங்கட்கிழமை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பத்தொன்பது நாள் பிந்திப் பதில் எழுதுவதை மன்னித்துக்கொள். 2ஆம் திகதி முதல் தடிமன். இப்போது இருமல் மட்டும் மீதி.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். அதுவும் யாருடைய உதவியுமின்றி. ராஜலிங்கம் செய்ததை அருகிலிருந்து கவனித்துக் குறித்து வைத்திருந்தேன். நேற்று ஞாயிறு காலை அதைப் பார்த்துப் பார்த்து ஐந்தாவது குறுக்குவழியை நானே உருவாக்கினேன். 'கே' கிளிநொச்சி. நவரட்ணராஜாவுக்கு எழுதிய மூன்றாம் மணி நேரத்தில் பதில் வந்தது. "அத்தான், ஆரோ என்னை நினைச்சிருக்கினம் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சது" என்று எழுதியிருக்கிறார்.

அட்டவணையில் ஐந்தாவது வரியைச் சேர்த்துப் புதிய தாளை அச்சிட்டேன். அடியில் உள்ள பெயரும் திகதியும் முன்பு இருந்தபடியே உள்ளன. திருத்திய திகதி என்று ஒன்று இட வேண்டும், உண்மைதான். ஆனால் அந்த வரியை நுழைத்தால் தாள் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது. ஒரே பக்கத்தில் இருப்பதே பார்வைக்கு அழகு. ஒப்பமிட்டு ஒட்டிவிட்டேன்.

உன் மருமகளின் கைவலி மாறியதா?

அன்புடன்,
அண்ணன்


கண்டி (சாஹுல் ஹமீது அவர்களின் கடையிலிருந்து)
16.06.2008, திங்கட்கிழமை

அன்புத் தங்கை மங்களேஸ்வரிக்கு,

உடல் நலமாகவே இருக்கிறேன் என்பதை முதலில் எழுதுகிறேன். மற்றதைப் பதறாமல் வாசி.

6ஆம் திகதி பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்த செய்தியை அறிந்திருப்பாய். அதன் பின் இந்தப் பக்கமெங்கும் தமிழர் வீடுகளைப் பொலிஸார் சோதித்து வந்தார்கள். 12ஆம் திகதி வியாழக்கிழமை காலை 8.10க்கு என் வீட்டுக்கு வந்தார்கள். அலுமாரியைக் கலைத்தார்கள். சுவரிலிருந்த அட்டவணையைக் கண்டதும் எல்லோரும் அதன் முன் கூடினார்கள். ஐந்து ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் ஊர், அவற்றில் ஒன்று கிளிநொச்சி. அதை இரகசியக் குறியீடு என்று எண்ணிவிட்டார்கள். கணினியில் அழுத்திக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அதற்குள் கணினியைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

என்னைப் பொலிஸ் நிலையத்தில் 9.40 தொடக்கம் 3.15 வரை விசாரித்தார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள், தேநீரும் தந்தார்கள். ஓய்வூதிய அட்டையைப் பார்த்த பின் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலை 5 மணிக்கு ராஜலிங்கத்தைக் கடையிலிருந்து அழைத்துச் சென்றுள்ளனர். இன்னும் வரவில்லை.

இங்கே சாஹுல் ஹமீது அவர்கள் எனக்குக் கதிரை தந்தார். பேச்சுத் தரவில்லை. உன் முகவரியின் முப்பத்தொரு எழுத்தையும் கையாலேயே அடிக்கிறேன்.

உன் நலம் அறிய எழுது.

தியாகராஜா


ஸ்காபரோ
16.06.2008

அண்ணா,

நீங்கள் சுகமாத் திரும்பினது கடவுள் செயல். சாப்பிடுங்கோ, தனிய இருக்காதேங்கோ. இலண்டனுக்கு நான் சொல்லிட்டன். மகன் இரவுக்கு ரெலிபோன் எடுப்பான்.

எனக்கு ஒண்டு விளங்கேல்லை. கிளிநொச்சி வரியைத்தானே அவங்கள் பிடிச்சவங்கள்? அதை நீங்கள்தானே போட்டனியள்? அந்தப் பிள்ளைக்கு அதில ஒரு தொடர்பும் இல்லையே. அதை அவங்களிட்டைச் சொன்னியளோ?

உடன பதில் போடுங்கோ.

மங்களேஸ்


கண்டி
30.07.2008, புதன்கிழமை

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாயிற்று. இரத்தத்தில் சீனி 7ஆம் திகதி 210. 28ஆம் திகதி 184. முழங்காலுக்கு நீ எண்ணெய் பூசுகிறாயா?

ராஜலிங்கம் தடுப்பு உத்தரவின் கீழ் வைக்கப்பட்டுள்ளார். மூன்று மாத உத்தரவு. ஜூன் 22ஆம் திகதி கலஹா வழியாகப் பஸ் பிடித்து அவருடைய பெற்றோரைப் பார்க்கப் போனேன். தந்தை மூக்கையா, தாய் அழகம்மா. தோட்டத் தொழிலாளர் லயத்தில் கடைசி அறை. மகனின் வருமானத்தில்தான் கூரைத் தகரம் மாற்றியிருக்கிறார்கள். இருவருக்கும் ஆங்கிலமும் சிங்களமும் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. நான் வந்ததை மிகப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். அறையில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டார்கள்.

ஜூன் 24, ஜூலை 3, ஜூலை 11, ஜூலை 25 ஆகிய திகதிகளில் நான்கு மனுக்கள் எழுதி அனுப்பியுள்ளேன். மூன்று ஆங்கிலத்தில், ஒன்று சிங்களத்தில். பிரதிகள் கோப்பில் உள்ளன. முதல் மனுவின் பயனாக ஜூலை 13ஆம் திகதி தாயார் மகனைப் பத்து நிமிடம் பார்க்க அனுமதி கிடைத்தது. இது நல்ல அறிகுறி.

இங்கே மழை விட்டபாடில்லை.

அண்ணன்


ஸ்காபரோ
28.09.2008

அன்புள்ள அண்ணா,

என்ர சுகத்துக்குக் குறைவில்லை. உங்கட சீனி இப்ப எவ்வளவு?

உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். எத்தனை திகதி எழுதியிருக்கிறியள்! நான் கேட்டதுக்குப் பதில் மட்டும் எந்தத் திகதியிலயும் இல்லை. கோபத்தில இரண்டு மாசம் எழுதாமல் இருந்தன். இப்ப கோபம் போய்ப் பயமாக் கிடக்கு.

நிவாரண அலுவலகங்கள் எல்லாத்தையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிப்போட்டாங்களாம். நவரட்ணராஜாவுக்கு நான் எழுதினது திரும்பியும் வரேல்லை, பதிலும் இல்லை. கடைசி மடலில உங்களைத்தான் விசாரிச்சிருந்தார்.

அந்தப் பிள்ளையின்ர விஷயம் என்ன, அண்ணா?

மங்களேஸ்


கண்டி
09.10.2008, வியாழக்கிழமை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நவரட்ணராஜாவைப் பற்றி இங்கும் செய்தி இல்லை. ராஜலிங்கத்தின் தடுப்பு உத்தரவு செப்டம்பர் 12ஆம் திகதி மேலும் மூன்று மாதங்களுக்கு நீடிக்கப்பட்டு, அவர் தெற்கே ஒரு முகாமுக்கு மாற்றப்பட்டுள்ளார். ஆறாவது, ஏழாவது மனுக்கள் அனுப்பியாயிற்று. எனக்குச் சிறிது தலைச்சுற்று.

நலமாக இரு.

அண்ணன்


ஸ்காபரோ
30.11.2008

அண்ணா,

தலைச்சுற்றுக்கு வைத்தியரிட்டைக் காட்டினியளோ? எனக்கும் இப்ப நித்திரை குறைவு. காரணத்தை எழுதுறன்.

அந்தக் கிளிநொச்சி விசையை வைக்கச் சொன்னது நான். ஸ்காபரோவில சூடான அறைக்குள்ள இருந்துகொண்டு, கண்டியில இருக்கிற ஒருவருக்கு அது என்ன கொண்டுவரும் எண்டு ஒரு நிமிசம் யோசிக்காமல் சொன்னன். முகவரியையும் நானே அனுப்பினன். இது என்ர பங்கு. ஒளிக்காமல் எழுதிட்டன். உங்கட பங்கை நீங்கள் எழுதுங்கோ.

மங்களேஸ்


கண்டி
07.12.2008, ஞாயிற்றுக்கிழமை

மங்களேஸ்வரி,

உன் நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆகையால் நேராக எழுதுகிறேன்.

அந்த அதிகாரி நல்ல முறையில்தான் பேசினார். அட்டவணையை மேசையில் விரித்து, "மாத்தயா, அடியில் உள்ள இந்தப் பெயர் யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். கடையின் பெயர், தெரு, அவர் வேலைக்கு வரும் நேரம், போகும் நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவற்றைக் கேட்கவில்லை. முழு விபரம் கொடுப்பது என் பழக்கம்.

பிறகு ஐந்தாவது வரியில் விரலை வைத்தார். "இந்தக் கிளிநொச்சியும் அவன் செய்ததுதானா?" என்றார். சுவர் மணிக்கூட்டில் 1.25. அடுத்த அறையில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். வயதானவரின் குரல். என்னைப் போன்ற ஒருவர் என்று நினைத்தேன். "தாளில் உள்ளபடி, மாத்தயா" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். தாளில் ஒரே பெயரும் ஒரே திகதியும் இருந்தன. எழுதிக்கொண்டார். 3.15க்கு என்னை அனுப்பினார்.

நான் பொய் சொல்லவில்லை. நூற்றெழுபத்தெட்டு நாளாக இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாளில் அப்படித்தான் இருந்தது. அப்படி இருக்கும்படி செய்தவன் நான். அனுப்பிய ஒன்பது மனுக்களிலும் அவருடைய நற்குணம், குடும்ப வறுமை, பெற்றோரின் முதுமை எல்லாவற்றையும் எழுதினேன். ஐந்தாவது வரி என்னுடையது என்று ஒன்றிலும் எழுதவில்லை. மனுவைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டும் ஒவ்வொரு தடவையும் அழகம்மா என்னைக் கும்பிடுகிறார்.

தியாகராஜா


ஸ்காபரோ
07.12.2008

அண்ணா,

வாசிச்சன். உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் கதிரையில நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பனோ தெரியாது.

ஆனால் இனி எனக்கு எழுதிப் பிரயோசனமில்லை. ஒரு சட்டத்தரணியிட்டைப் போய்ச் சத்தியக்கடதாசி முடியுங்கோ. அதுக்குப் பிறகு தெல்தோட்டைக்குப் போய் அந்தத் தாய் தகப்பனுக்கு உங்கட வாயால சொல்லுங்கோ. என்ன வந்தாலும் வரட்டும். இரண்டும் முடிஞ்ச பிறகு எழுதுங்கோ. அதுவரைக்கும் நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டு மகன் மூலம் அறிஞ்சுகொள்ளுவன்.

குளிசையை விடாதேங்கோ.

மங்களேஸ்


கண்டி
18.01.2009, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை மங்களேஸ்வரிக்கு,

நீ சொன்ன இரண்டும் முடிந்தன. எனவே எழுதுகிறேன். உன் முழங்காலும் நித்திரையும் எவ்வாறுள்ளன?

டிசம்பர் 22ஆம் திகதி திங்கட்கிழமை சத்தியக்கடதாசியில் ஒப்பமிட்டேன். ஐந்தாவது விசையை உருவாக்கியவன் நானே, 10.02.2008 அன்று, ராஜலிங்கத்துக்கு அது தெரியாது என்று எழுதியுள்ளேன். சட்டத்தரணி அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஒரு விபரத்தைச் சொன்னார். நவம்பர் 24ஆம் திகதி முகாமில் ராஜலிங்கம் ஒரு வாக்குமூலத்தில் ஒப்பமிட்டிருக்கிறார். சிங்களத்தில் எழுதப்பட்டது. ஐந்தும் தானே செய்ததாகவும், குறியீடு என்று தெரிந்தே செய்ததாகவும் அதில் உள்ளது. அந்த ஒப்பத்துக்கு முன்னர் என் கடதாசி வந்திருந்தால் பிணைக்கு வழி இருந்திருக்கும். இனி வழக்கில்தான் பார்க்க வேண்டும், வழக்கு எப்போது என்று சொல்ல முடியாது என்றார். நான் இருபத்தெட்டு நாள் பிந்திவிட்டேன். நீ முதல் தடவை கேட்டது ஜூன் 16. கணக்கை நீயும் பார்க்கலாம்.

என் கடதாசியைப் பொலிஸிலும் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் தந்தார்கள். இதுவரை என்னை அழைக்கவில்லை. வாசலில் வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொள்கிறேன்.

தெல்தோட்டைக்குப் போக மேலும் இருபது நாள் எடுத்தேன். ஜனவரி 11ஆம் திகதி போனேன். வழியெல்லாம் பஸ்ஸில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்த கதையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். நவரட்ணராஜா எங்கே என்று யாரிடம் கேட்பது?

அழகம்மா தேநீர் கொண்டுவந்தார். வாங்காமல், நின்றபடியே சொன்னேன். அட்டவணையிலிருந்து வாக்குமூலம் வரை எதையும் விடவில்லை. அழகம்மா கோப்பையை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"தெரியுங்கய்யா. நீங்க எழுதிக் குடுத்து மொதத் தடவ பார்க்கப் போனேனே, அன்னிக்கே எங்க புள்ள சொல்லிருச்சு. கடைசி எழுத்து நான் போட்டது இல்லம்மா, ஐயாவா போட்டதுன்னு. விசாரிச்சவங்ககிட்டயும் சொல்லியிருக்கான். பெரிய உத்தியோகம் பார்த்த மாத்தயா கையெழுத்து இருக்கு, அவரா பொய் சொல்லுவாருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்களாம்."

ஜூலை 13 முதல் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மனுவையும் நான் வாசித்துக் காட்டியபோது, தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா வெக்கப்பட்டு நீங்க வர்றத நிறுத்திருவீங்கன்னு இவரு சொன்னாரு. எங்களுக்கு எழுதிக் குடுக்க வேற யாருங்கய்யா இருக்கா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மூக்கையா எழுந்து உள்ளே போய், நெகிழி உறையில் சுற்றிய ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். முகாமிலிருந்து வந்தது, சிங்களத்தில். "இதுவும் வந்திருக்குங்கய்யா. இருபத்தி மூணாம் தேதிக்குள்ள பதில் போடணுமாம்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னாரு. நீங்க இருக்கும்போதே எழுதிட்டீங்கன்னா நல்லது" என்றார்.

அந்த ஒரே கதிரையைத் துடைத்து மீண்டும் எனக்குப் போட்டார்கள். உட்கார்ந்து எழுதினேன்.

உன் அண்ணன்,
தியாகராஜா